பின்தொடைத் தசைக் காயம்: பிசியோவிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி: கால்பந்துக் கழகம் ஒன்றில் ஒப்பந்த வீரராக இருக்கிறேன். இந்தப் பருவத்தில் இரண்டு முறை வலது பின்தொடைத் தசை கிழிந்தது. எங்கள் பிசியோ (இயன்முறை சிகிச்சையாளர்) காயம்பட்ட பிறகுதான் என்னைக் கவனிக்கிறார். காயம் வராமல் தடுக்க அவரால் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும், ஆனால் மசாஜும் தசை நீட்டலும் மட்டும் போதாது. முழு வேகத்தில் ஓடும்போது, முன்னே வீசிய காலைத் தரையில் ஊன்றுவதற்குச் சற்று முன்பு, பின்தொடைத் தசை நீண்டுகொண்டே அந்த வீச்சை அடக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான கிழிசல்கள் அந்தக் கணத்தில்தான் ஏற்படுகின்றன. ஆகவே, நீளும் நிலையிலேயே தசைக்கு வலு சேர்ப்பதுதான் பிசியோவின் முதல் வேலை.

அதற்கு நன்கு சோதித்தறியப்பட்ட வழி நார்டிக் பயிற்சி. முழந்தாளிட்டு, கணுக்கால்களை இன்னொருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள, முழங்காலிலிருந்து தோள்வரை உடலை நேராக வைத்தபடி, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக முன்னோக்கிச் சாய வேண்டும். டென்மார்க்கில் 942 வீரர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் 15 பின்தொடைக் காயங்களும் செய்யாத அணிகளில் 52 காயங்களும் பதிவாயின. இருந்தும், ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் போட்டியில் ஆடும் கழகங்களையும் நார்வேயின் உயர்மட்டப் பிரிவுக் கழகங்களையும் ஆராய்ந்து 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு, கணக்கில் கொண்ட கழகப் பருவங்களில் (ஒரு கழகம் ஆடிய ஒரு பருவம் ஒன்றாகக் கணக்கிடப்பட்டது) 83 விழுக்காட்டில் இப்பயிற்சி முறையாகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்று காட்டியது. தொடக்க வாரங்களில் தசை வலிக்கும் என்பதால் வீரர்கள் இதை விரும்புவதில்லை. பயிற்சியாளர்களும் நேரம் ஒதுக்கத் தயங்குகிறார்கள். சுமையைப் படிப்படியாகக் கூட்டுவதும், போட்டிக்கு முந்தைய ஓரிரு நாட்களைத் தவிர்த்து இதற்கு இடம் கண்டுபிடிப்பதும், பயிற்சியாளரைச் சம்மதிக்க வைப்பதும் பிசியோவின் திறமையைச் சார்ந்தவை.

அடுத்தது வேக ஓட்டம். காயத்துக்கு அஞ்சி வாரம் முழுவதும் மெதுவாக ஓடிவிட்டுப் போட்டியன்று திடீரென முழு வேகமெடுப்பது, என் கருத்தில், ஓடாமல் இருப்பதைவிட மோசமானது. பெரிய கழகங்களில் வீரர்களின் மேலங்கியில் பொருத்திய ஜிபிஎஸ் கருவி, யார் எவ்வளவு தூரம் எந்த வேகத்தில் ஓடினார் என்பதைப் பதிவு செய்கிறது. ஆடும் வாய்ப்புக் கிடைக்காத மாற்று வீரர்களைப் போட்டி முடிந்ததும் தனியாக ஓட வைப்பதும் அங்கே வழக்கம். கருவி இல்லாவிட்டாலும், வாரத்தில் ஓரிரு நாள் முழு வேகத்தை எட்டும் சில ஓட்டங்களைத் திட்டமிட்டுச் சேர்க்கலாம்.

பருவத் தொடக்கச் சோதனைகளை வைத்து யாருக்குக் காயம் வரும் என்று கணிக்கவே முடியாது; அப்படிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். உறுதியாகத் தெரிந்த ஆபத்துக் காரணி முந்தைய காயம். அது உங்களுக்கு இருக்கிறது. ஐரோப்பியக் கழகங்களில், அக்கண்டத்தின் கால்பந்து நிர்வாக அமைப்பான யூஈஎஃப்ஏ நடத்திவரும் நீண்டகால ஆய்வின்படி, திரும்ப வரும் பின்தொடைக் காயங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல், வீரர் களத்துக்குத் திரும்பிய இரண்டு மாதங்களுக்குள் நிகழ்கின்றன. ஆகவே மூன்று விஷயங்களைப் பிசியோவிடம் கேளுங்கள்: இரு கால்களின் வலுவையும் ஒப்பிட்டு அளந்தாரா, முழு வேக ஓட்டத்தை வலியின்றிப் பலமுறை செய்து காட்டிய பிறகுதான் அனுமதி தருகிறாரா, அந்த இரண்டு மாதங்களிலும் வலுப்பயிற்சி தொடருமா? வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.