கரண்ட் போனால் சர்வருக்கு யார் சொல்வது?

கேள்வி: ஒரே சர்வரில் ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரு கம்ப்யூட்டரைப் பல கம்ப்யூட்டர்கள் போல நடக்க வைக்கும் மென்பொருள்) போட்டு ஆறு விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது மென்பொருளால் ஆன கம்ப்யூட்டர்கள், ஓட்டுகிறேன். நல்ல யுபிஎஸ் இருக்கிறது. போன வாரம் கரண்ட் போய், பேட்டரி தீர்ந்ததும் எல்லாம் பொட்டென்று அணைந்துவிட்டன. டேட்டாபேஸ் மெஷின் அதன்பிறகு எழவே இல்லை. யுபிஎஸ் இருந்தும் ஏன் இப்படி?

பதில்: யுபிஎஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, ஆனால் கரண்ட் போன சேதியை சர்வருக்குச் சொல்ல யாருமில்லை. யுபிஎஸ்ஸின் பின்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் ஒரு யுஎஸ்பி போர்ட் இருக்கும், வாங்கிய நாளிலிருந்து தூசி படிந்தே கிடக்கும். அதில் கேபிளைச் செருகி சர்வரோடு இணையுங்கள். நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ், சுருக்கமாக நட், என்ற, யுபிஎஸ் சொல்வதைக் கேட்டு சர்வரை அணைக்கும் இலவச மென்பொருளை ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்டிலேயே, அதாவது மெஷின்களைத் தாங்கும் அசல் சர்வரிலேயே, நிறுவுங்கள். ஏதாவது ஒரு மெஷினுக்குள் நிறுவினால், எல்லோரையும் அணைக்க வேண்டியவரே முதல் ஆளாகத் தூங்கப் போய்விடலாம்.

ஹோஸ்டுக்கு ஷட் டவுன் கட்டளை வந்ததும் அது மெஷின்களை, ஆரம்பிக்கும் வரிசைக்குத் தலைகீழாக, அணைக்கத் தொடங்கும். ஆகவே டேட்டாபேஸுக்கு வரிசை எண் 1, அதை நம்பியிருக்கும் அப்ளிகேஷனுக்கு 2 என்று கொடுங்கள். எழும்போது டேட்டாபேஸ் முதலில் எழும், அணையும்போது அப்ளிகேஷன் முதலில் போகும். வேறு எதுவும் சொல்லாவிட்டால் ஒரு மெஷினுக்கு 180 விநாடி காத்திருக்கும், அதற்குள் அணையாவிட்டால் பிளக்கைப் பிடுங்கியது போல நிறுத்திவிடும். சோம்பேறி டேட்டாபேஸுக்கு இந்த நேரத்தைக் கூட்டி வையுங்கள். ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் க்யூஇஎம்யூ கெஸ்ட் ஏஜென்டை (ஹோஸ்டின் கட்டளையை உள்ளிருந்து கேட்டுச் செய்யும் சிறு மென்பொருள்) போட்டு, ப்ராக்ஸ்மாக்ஸில் அந்த மெஷினின் ஆப்ஷனிலும் டிக் செய்யுங்கள். டிக் மட்டும் போட்டுவிட்டு ஏஜென்டை நிறுவாமல் விட்டால் கட்டளையைக் கேட்க உள்ளே ஆளிருக்காது.

கேள்வி: பேட்டரி எத்தனை சதவீதம் இருக்கும்போது அணைக்க ஆரம்பிக்கலாம்?

பதில்: சதவீதத்தை நம்பாதீர்கள். பழைய பேட்டரி 40 என்று காட்டிக்கொண்டே இருந்து சட்டென்று பூஜ்யத்துக்கு விழும். நட் வழக்கமாக 'பேட்டரி குறைவு' என்று யுபிஎஸ் சொல்லும்வரை காத்திருக்கும், அது பல நேரம் ரொம்பத் தாமதம். கையில் கடிகாரத்தோடு ஒருமுறை எல்லா மெஷின்களையும் அணைத்துப் பாருங்கள். நான்கு நிமிடம் ஆனால், குறைந்தது எட்டு நிமிடம் மிச்சமிருக்கும்போதே ஆரம்பித்துவிட வேண்டும். கரண்ட் போய் இத்தனை நிமிடம் ஆனதும் அணை என்று நட்டிலேயே டைமர் வைக்கலாம். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல வழி. அப்புறம், இன்னொரு சர்வரும் இதே யுபிஎஸ்ஸில் இருந்து நெட்வொர்க் வழியாகச் சேதி கேட்கிறது என்றால், நடுவில் இருக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் (கேபிள்களை இணைக்கும் பெட்டி) யுபிஎஸ்ஸிலிருந்தே மின்சாரம் கொடுங்கள்.

கேள்வி: பயாஸில் (சர்வரின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கும் இடம்) 'மின்சாரம் வந்ததும் ஆன் ஆகு' என்று வைத்திருக்கிறேன். ஆனாலும் ஒருமுறை கரண்ட் வந்த பிறகு சர்வர் அணைந்தே கிடந்தது.

பதில்: சர்வர் அணைந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் திரும்பியிருக்கும். யுபிஎஸ் ஒரு நொடிகூட சப்ளையை நிறுத்தவில்லை, அதனால் சர்வரைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. போகாத மின்சாரம் எப்படித் திரும்பி வரும்? இதற்காகவே நட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. சர்வர் முழுக்க அணையும் கடைசிக் கட்டத்தில் அது யுபிஎஸ்ஸிடம், 'கொஞ்ச நேரத்தில் சப்ளையை நிறுத்து, கரண்ட் இருந்தால் மறுபடி கொடு' என்று சொல்லிவிட்டுப் போகும். கரண்ட் முன்னாலேயே வந்திருந்தாலும் யுபிஎஸ் ஒருமுறை நிறுத்தித்தான் திரும்பக் கொடுக்கும், சர்வரும் எழும். எல்லா யுபிஎஸ்ஸும் இந்தக் கட்டளைக்குக் கட்டுப்படாது. வேலை குறைவான ஒரு நாளில், பேக்கப் எடுத்துவிட்டு, யுபிஎஸ்ஸுக்குப் போகும் சுவர் ஸ்விட்சை அணையுங்கள். மெஷின்கள் அணைய ஆரம்பித்ததும் ஸ்விட்சை மறுபடி போட்டுவிட்டுக் காத்திருங்கள். பத்து நிமிடத்தில் சர்வர் தானாக எழவில்லை என்றால் உங்கள் யுபிஎஸ் அந்த ரகம்தான்.