ரேஞ்ச்ஃபைண்டரில் பிம்பம் சேர்ந்தும் ஃபோகஸ் தவறுகிறதா?

உங்கள் கண்ணில் குறை இல்லை. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில், பார்க்கும் சாளரத்தின் நடுக்கட்டத்தில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றாகச் சேர்த்துத்தான் ஃபோகஸ் செய்கிறோம். அந்த இரட்டைப் பிம்பம் சரியாகச் சேர்ந்தும், லென்ஸ் துளை அகலமாகத் திறந்திருக்கும் எஃப் 1.4-ல் படத்தில் இருப்பவரின் கண்ணுக்குப் பதில் காது கூர்மையாக விழுகிறது என்றால், பெரும்பாலும் ரேஞ்ச்ஃபைண்டர் அளவமைப்புதான் (காலிபரேஷன்) விலகியிருக்கும். புதுக் கேமராவிலும் இது நடக்கும். என்னுடையதும் வந்த முதல் வாரத்திலேயே சர்வீசுக்குப் போனது.

50 மி.மீ. லென்ஸில் 1 மீட்டர் தூரத்தில் எஃப் 1.4-க்குக் கிடைக்கும் கூர்மை ஆழம் (முன்னும் பின்னுமாகக் கூர்மையாகத் தெரியும் தூரம்) சுமார் 3 செ.மீ.தான். ஃபிலிமில் கண்ணுக்குத் தப்பிய சிறு விலகல்கூட சென்சார் படத்தைப் பெரிதாக்கினால் தெரிந்துவிடும்.

இப்படிப் பாருங்கள்:

1. கேமராவை முக்காலியில் வைத்து, 1 மீட்டரில் ஒரு ஸ்கேலைச் சாய்த்து வையுங்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் ஃபோகஸ் செய்து ஒரு படம், லைவ் வியூவில் (சென்சார் காணும் காட்சியைத் திரையில் பார்த்து) ஃபோகஸ் செய்து ஒரு படம். இரண்டாவது மட்டும் கூர்மையா? அப்படியென்றால் லென்ஸின் கண்ணாடியில் பிழையில்லை, லென்ஸுக்கும் ரேஞ்ச்ஃபைண்டருக்கும் உள்ள இணைப்பில்தான்.

2. லென்ஸை முடிவிலிக்குத் திருப்பித் தொலைவிலுள்ள கோபுரத்தையோ நிலவையோ பாருங்கள். பிம்பம் சேர வேண்டும்.

அப்புறம், வேறு லென்ஸிலும் சோதிக்காமல் கேமராவைக் குறை சொல்ல முடியாது. எஃப் 1.4-ல் சரியாக இருந்து எஃப் 2.8-ல் மட்டும் ஃபோகஸ் பின்னால் நகர்ந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு. தயவுசெய்து ரேஞ்ச்ஃபைண்டரைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் திருகை நீங்களே திருப்பாதீர்கள்.