பழைய லேத் பட்டறையோடு வந்த பெயர் தெரியாத கருவிகளை எப்படி அடையாளம் காண்பது?

முதலில் ஒன்று: எதையும் கழுவி அடுக்கிவிடாதீர்கள். நான் செய்த தப்பு அதுதான்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு லேத் பட்டறையைச் சாமான்களோடு வாங்கினேன். பழைய முதலாளி காலமாகிவிட்டார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கிடந்த எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நீள வாரியாக அடுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் எது எங்கே கிடந்தது என்ற துப்பு போயிற்று.

டிரில்லிங் மெஷினில் கம்பி போட்டு ஒரு சாண் நீளப் பட்டை இரும்பு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் சரிவாகக் குறுகியிருக்கும். உளி என்று நினைத்துப் பெயின்ட் டப்பா திறக்க வைத்துக்கொண்டேன். அங்கே முன்பு வேலை பார்த்த அண்ணன் ஒருவர் வந்து பார்த்துச் சிரித்தார். "உளின்னா முனையில வெட்டு வாய் இருக்கோணுமில்லீங்க தம்பி? இது டிரிஃப்ட்." டேப்பர் காம்பு (நுனி நோக்கிச் சரிந்து குறுகும் காம்பு) உள்ள டிரில் பிட், மெஷினின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலில் இறுகிக்கொள்ளும். மோர்ஸ் டேப்பர் என்கிற இந்தக் காம்பு வகையின் சரிவு மொத்தமே 3 டிகிரி போலத்தான், அதனால் அப்படிக் கவ்வும். பக்கவாட்டுத் துளையில் இதை நுழைத்து லேசாகத் தட்டினால் பிட் கழன்று விழும். மெஷினிலேயே விட்டிருந்தால் எனக்கே புரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு பெயரைத் தேடுவதை விட்டுவிட்டுத் தேய்மானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு வளையம், அதில் ஒரு போல்ட், ஒரு வால். மாட்டு வண்டிச் சாமான் என்றே நினைத்திருந்தேன். போல்ட் முனை நசுங்கியிருந்தது, வாலின் ஒரு பக்கம் மட்டும் பளபளத்தது. அப்படியென்றால் உருண்டைக் கம்பியை இறுக்கிப் பிடித்து, வாலால் சுழற்றப்படுகிற பொருள். லேத் கேரியர்தான் அது. இரண்டு சென்டருக்கு (கம்பியின் இரு முனையையும் தாங்கும் கூர்முனைகள்) நடுவே கடைசல் பிடிக்கும்போது மாட்டுவது.

துளைக்குள் மரை வெட்டும் டேப் ஒரே மாதிரி மூன்று இருந்தால் இரண்டை ஆக்ரிக் கடைக்குப் போடாதீர்கள் (இங்கே காயலான் கடைக்கு அதுதான் பெயர்). அது செட். முனையில் மரை எவ்வளவு தூரம் சரிந்து தொடங்குகிறது என்று பாருங்கள்: நீளமாகச் சரிந்தது முதலாவது, சரிவே இல்லாதது போல இருப்பது அடிமுட்டும் துளைக்கான கடைசி டேப்.

ஸ்பேனரில் 1/2 W என்று இருந்து வாய் 23 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறதே என்று குழம்பவேண்டாம். W என்றால் விட்வொர்த், பழைய பிரிட்டிஷ் மரை வகை. அந்த ஸ்பேனரில் அடித்திருக்கும் எண் போல்ட்டின் விட்டம், வாயின் அகலமல்ல. ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த அந்த மரையின் கோணம் 55 டிகிரி, மெட்ரிக் மரைக்கு 60. அம்பு முனை போன்ற சின்னத் தகடு கிடைத்தால் அது மரை வெட்டும் டூலைச் சாணை பிடித்துச் சரிபார்க்கும் சென்டர் கேஜ். அதன் கோணத்தை அளந்தால் முதலாளி எந்தக் கோண மரை வெட்டினார் என்பதையும் ஊகிக்கலாம்.

வெறும் இரும்புத் துண்டாகத் தெரிவதைச் சாணைக்கல்லில் லேசாகத் தொட்டுப் பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. வெளிச்சமான பொறி பூவாய் வெடித்தால் ஹை கார்பன் எஃகு; மங்கிய சிவப்பில் கொஞ்சமாக வந்தால் ஹை ஸ்பீடு ஸ்டீல், லேத் டூலுக்கு ஆகும். டேப், அரம் இவற்றைச் சுத்தியலால் தட்டிச் சோதிக்கவே கூடாது, சில்லாகத் தெறிக்கும்.

மிச்சத்துக்குப் படம் எடுத்துப் போடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல், இரண்டு முனையும், தேய்ந்த இடமும் தெரியட்டும்.