கூட்டத்தில் அடைத்துக்கொள்ளும் குரல்

அன்புள்ள அம்மா,

மன்னார்குடிப் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் களப்பணியாளராக இருக்கிறேன். வேளாண்மையில் பட்டயம் படித்தவள். சேர்ந்து 14 மாதம் ஆகிறது. என் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். ஆட்களைத் திரட்டிக் கூலி பேசுவதும் அவர்தான். எங்கள் வீட்டில் மாதச் சம்பளத்துக்குப் போகும் முதல் ஆள் நான்.

சென்ற கார்த்திகை மழைக்குப் பிறகு எங்கள் பகுதிச் சம்பா வயல்களில் இலைகள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தன. பாக்டீரியா இலைக்கருகல் என்று எனக்குப் பட்டது. வாராந்திரக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், "தழைச்சத்துக் குறைவு, யூரியா போடச் சொல்லுங்கள்" என்றார். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. பத்து நாள் கழித்து வந்த நிபுணர் நான் நினைத்ததையே சொன்னார். அதற்குள் சிலர் யூரியா போட்டுவிட்டார்கள். நான் இந்த வேலைக்கே லாயக்கில்லை என்று தோன்றுகிறது. வயலில் நன்றாகத்தான் பேசுகிறேன். கூட்டத்தில் மட்டும் நான் கடைமடை; எல்லோருக்கும் பாய்ந்து மிச்சம் இருந்தால்தான் எனக்கு. முதலில் தன்னம்பிக்கையை வளர்த்துக்கொண்டு பிறகு பேசலாம் என்றிருக்கிறேன். அதற்கு என்ன வழி?

க.

*

அன்புள்ள க.,

"வயலில் நன்றாகத்தான் பேசுகிறேன்" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். வயலில் பேசுகிற வாய் கூட்டத்தில் அடைத்துக்கொள்கிறது என்றால், உங்களுக்குத் தன்னம்பிக்கையே இல்லை என்று எப்படிச் சொல்வது? வயலில் உங்கள் கையில் இலை இருக்கிறது. கூட்டத்துக்கு நீங்கள் வெறுங்கையோடு போகிறீர்கள்.

உங்கள் அம்மா வரப்பில் நின்று கூலி பேசும்போது தனக்குத் தன்னம்பிக்கை இருக்கிறதா என்று யோசித்துவிட்டா பேசுகிறார்? ஒரு மா நிலத்து நடவுக்கு எத்தனை ஆள் வேண்டும், அந்த மண் காலை எவ்வளவு இழுக்கும், பக்கத்து ஊரில் என்ன கூலி கொடுத்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பல வருடம் பேசிப் பேசித்தான் அந்த வாய் வந்திருக்கும். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத்தான் ஆராய்கிறது. ஒரு வேலை என்னால் முடியும் என்ற எண்ணம் நான்கு வழிகளில் வருகிறது என்றார் அவர்: தானே செய்து பார்ப்பது, பிறர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், தன் உடம்பின் படபடப்பை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இவற்றில் வலுவானது முதலாவது. "முதலில் நம்பிக்கை, பிறகு பேச்சு" என்ற உங்கள் வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். காத்திருந்தால் அது வராது.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். 26 வயதில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதப் போனேன். மூன்றாம் மாதம் இருப்புக் கணக்கில் 1,800 ரூபாய் உதைத்தது. மேலாளர் எல்லோர் முன்னாலும் கோப்பைத் தரையில் வீசினார். நான் குனிந்து பொறுக்கினேன். தாள்கள் மேஜைக்கு அடியில் எல்லாம் போயிருந்தன, மண்டியிட்டு எடுத்தேன். அன்று மாலை, ஓய்வு பெறும் வயதில் இருந்த ஓர் அம்மையார் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை பேசவில்லை. "வித்தியாசம் ஒன்பதால் வகுபடுகிறதா, பார்" என்றார். வகுபட்டது. "அப்படியென்றால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம், தேடு" என்றார். 5,740 என்று இருக்க வேண்டிய இடத்தில் 7,540 என்று எழுதியிருந்தேன். அரை மணி நேரத்தில் அகப்பட்டது.

அதன் பிறகும் எனக்குக் கணக்கு எத்தனையோ முறை உதைத்திருக்கிறது. ஆனால் பழைய பயம் வரவில்லை, தேடுவதற்கு ஒரு வழி கையில் இருந்தது. அடுத்த வருடம் அதே மனிதர் இன்னொரு கோப்பை வீசியபோது நான் குனியவில்லை. "மேஜைமேல் வையுங்கள் சார், பார்த்துத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு நின்றேன். கால் நடுங்கியது. கடைசியில் உதவியாளர் எடுத்து வைத்தார்.

கணக்குத் தெரிந்ததால் வந்த தைரியம் ஒன்று, குனிய மாட்டேன் என்பது வேறொன்று. நம் பக்கத்தில் இதற்குப் பெரிய சாட்சி நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). தோடி ராகத்தை அவர்போல் வாசிக்க ஆளில்லை என்று ஊரே சொன்னது. வித்தையில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. ஆனாலும் நாகஸ்வரக்காரர்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று வழக்கம் வைத்திருந்த காலம் அது. அவர் கோட்டுப் போட்டார், மேடை கேட்டார், உட்கார்ந்து வாசித்தார். வித்தை எவ்வளவு இருந்தாலும் மரியாதையைத் தனியாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. உங்கள் வேலையில் நாளை ஒரு தவறு நேரலாம். அதற்காக யாரும் உங்களைத் தாழ்த்திப் பேச உரிமை வந்துவிடாது. "லாயக்கில்லை" என்று நீங்களே உங்களைச் சொல்லிக்கொள்வதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

இனி உங்கள் கூட்டம். இலைக்கருகலுக்கு ஒரு சோதனை உண்டு, படிப்பில் செய்திருப்பீர்கள். கருகலும் பச்சையும் சேரும் இடத்தில் இலையை வெட்டிக் கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் வெட்டிய முனை அமிழ விட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல் ஒரு கசிவு இழை இழையாக இறங்கும். சத்துக் குறைவாக இருந்தால் அது வராது. அந்த டம்ளரைக் கூட்டத்து மேஜைமேல் வையுங்கள். "நீங்கள் சொல்வது தவறு" என்று மூத்தவரிடம் சொல்ல வேண்டியதே இல்லை. "ஐயா, இன்று காலை எடுத்த இலை, இரண்டு நிமிடம் பாருங்கள்" என்றால் போதும். இந்த நோய்க்கு யூரியா போடுவது எரியும் தீயில் எண்ணெய் வார்ப்பதுபோல என்று அவருக்கும் தெரியும். கை நடுங்கினால் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். கூட்டம் தொடங்கிய சில நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு வாக்கியம், மழை அளவானாலும் சரி, பேசிவிடுங்கள். நேரம் ஆக ஆகத் தொண்டை இன்னும் இறுகும்.

உங்கள் மேலாளரையும் நான் விடமாட்டேன். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் ஒரு தொழிற்சாலை நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999இல் எழுதினார். வாய்திறந்தால் அவமானப்பட மாட்டோம் என்று நம்பிய குழுக்களில் ஆட்கள் கேட்டார்கள், தவறுகளைப் பேசினார்கள், கற்றுக்கொண்டார்கள். தினமும் வயலில் நிற்கும் பெண்ணிடம் "நீ என்ன பார்த்தாய்?" என்று ஒருவர்கூடக் கேட்காத கூட்டம் அது. உங்கள் மௌனத்தில் பாதிப் பொறுப்பு அதை நடத்துகிறவருடையது.

மீதிப் பாதி உங்களுடையது. அதையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நல்லது செய்தவளாக மாட்டேன். யூரியா போட்ட அந்தச் சிலரைப் பிறகு போய்ப் பார்த்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. போங்கள். "அன்றே எனக்குச் சந்தேகம் இருந்தது, சொல்லாமல் விட்டுவிட்டேன்" என்று சொல்லுங்கள். திட்டுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் இத்தனை நாள் சுமப்பதைவிட அந்தத் திட்டு இலேசாகத்தான் இருக்கும். பிறகு வரும் சம்பாவுக்கு என்ன ரகம் விடப் போகிறார்கள் என்று கேளுங்கள். பி.பி.டி. 5204 என்றால் அது இந்த நோய்க்கு எளிதில் ஆட்படும் ரகம். எந்த வயல் என்று ஒரு நோட்டில் தேதியோடு குறித்துக்கொண்டு, ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டதும் முதலில் அங்கே போங்கள். நீங்கள் சொன்னது சரியானதையும் தவறானதையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.

அவர்களைப் பார்த்துவிட்டு வந்த பிறகு எனக்கு எழுதுங்கள்.