நெல்லுக்கு சிலிக்கான்: சந்தேகத்த எல்லாம் கேளுங்க

மண்ணு, நெல்லு, உரம் இந்த மூணுல எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். பூச்சி மருந்து பேரு, எந்தக் கடைல என்ன விலைன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க.

கேள்வி (திருவாரூர்): சார், சிலிக்கான் போட்டா யூரியா டிஏபி பாதியா குறைக்கலாம்னு கடைக்காரர் சொல்றாரு, நம்பலாமா?

நம்பாதீங்க. சிலிக்கான் தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஆகாது, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) ஆகாது. இருக்கிற சத்த வீணாக்காம பயிர் ஓட்டிக்கிட்டுப் போக உதவும், அவ்வளவுதான். மணிச்சத்தையே எடுத்துக்குங்க. மண்ணுல இரும்பு ஆக்சைடு மேல பாஸ்பேட் ஒட்டிக்கிட்டு கெடக்கும், கரைஞ்ச சிலிக்கான் அதே எடத்துக்குப் போட்டி போட்டு கொஞ்சத்த விடுவிக்கும். அதவிட முக்கியமான வேலை பயிருக்குள்ள நடக்குது. மணிச்சத்து கம்மியா இருக்கற நேரத்துல இரும்பும் மாங்கனீசும் அளவுக்கு மீறி உள்ள போனா இருக்கிற கொஞ்ச பாஸ்பரஸையும் முடக்கிப் போட்டுரும், சிலிக்கான் இருந்தா அது ரெண்டும் கம்மியாத்தான் ஏறும், அதனால உள்ள இருக்கிறது வேலைக்கு ஆகும். ஆனா மண்ணுல மணிச்சத்தே இல்லன்னா சிலிக்கான் அத எங்கேருந்து கொண்டு வரும்? யூரியா கதை வேற. கூடுதலா போட்டா இலை தொங்கும், குலைநோய்ங்கற பூஞ்சை நோய் வரும், சிலிக்கான் இலைய வெறப்பா நிறுத்தறதால கீழ் இலைக்கும் வெயில் படும். யூரியா எப்ப போடணும்னு இலை பச்சைய ஒப்பிட்டுப் பாக்கற இலை வண்ண அட்டைய வச்சுப் பாருங்க, சிலிக்கான் பாட்டில வச்சு முடிவு பண்ணாதீங்க.

கேள்வி (பட்டுக்கோட்டை): எங்க ஊரு மணலே முழுக்க சிலிக்கா தானே, அப்புறம் எதுக்கு தனியா?

நல்ல கேள்வி. சிலிக்கான்னா தனிமம், அது ஆக்சிஜனோட சேந்ததுதான் சிலிக்கா. மணல்ல இருக்கிறது குவார்ட்ஸ்ங்கற படிக சிலிக்கா, அது லேசுல கரையாது. பயிருக்கு வேண்டியது தண்ணில கரைஞ்ச சிலிக்கான், அதாவது மோனோசிலிசிக் அமிலம். நெல்லு வேர்ல அத உள்ள இழுக்கவே தனிப் புரதம் இருக்கு, 2006ல ஜப்பான்ல மா ஜியான் ஃபெங் குழு கண்டுபிடிச்சு எல்எஸ்ஐ1ன்னு பேரு வச்சாங்க, அடுத்த வருஷமே எல்எஸ்ஐ2ன்னு இன்னொண்ணு. காஞ்ச எடைல 10 சதவீதம் வரைக்கும் கூட நெல்லு சிலிக்கான் சேத்து வைக்கும். ஹெக்டேருக்கு 5 டன் வெளஞ்சா 230லேந்து 470 கிலோ சிலிக்கான் மண்ணுலேந்து போகுதுன்னு கணக்கு. ஜப்பான்ல 1955லயே இரும்பு ஆலை கசடை சிலிகேட் உரம்னு ஏத்துக்கிட்டது சும்மா இல்ல. நம்ம மணற்பாங்கான வயல்ல வைக்கோலயும் வித்துட்டு வருஷா வருஷம் நட்டா குறையத்தான் செய்யும். அறுப்பு நேரத்து வைக்கோல்ல 5 சதவீதத்துக்குக் கீழ சிலிக்கான் இருந்தா பற்றாக்குறைன்னு சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்து அளவுகோல்.

கேள்வி: சிலிக்கான் உரமான பொட்டாசியம் சிலிகேட்டோட ஜிங்க் சல்பேட்டும் கலந்து ஒரே ஸ்ப்ரேயா அடிக்கலாமா அண்ணே?

கூடாது தம்பி. சிலிகேட் கரைசல் பிஹெச் 11 பக்கம் நிக்கும், அதாவது காரத்தன்மை ரொம்ப அதிகம், ஜிங்க் சேந்தா திரிஞ்சு ஸ்ப்ரேயர் நாசில் அடைச்சுக்கும். ஜிங்க் சல்பேட் அடி உரமா ஏக்கருக்கு 10 கிலோ, மணலோட கலந்து நடவுக்கு முன்னாடி தூவிடுங்க.

கேள்வி: தக்காளிக்கு?

தக்காளி சிலிக்கான உள்ள விடறதே ரொம்ப கம்மி. வெள்ளரி, பூசணி எடுக்கும்.

கேள்வி: சிலிகேட்ட கால்சியம் நைட்ரேட்டோட கலக்கலாமா?

ஜிங்க்குக்கு மேல சொன்ன பதில்தான். கூடாது.

கேள்வி (ரைஸ் மில் வச்சிருக்கவர்): எங்க பாய்லர்ல உமி எரிச்ச சாம்பல் நல்ல வெள்ளை, சிலிக்கா 90 சதவீதத்துக்கு மேல. கருப்புச் சாம்பல்ல பாதி கரி. விவசாயிக்கு வெள்ளைதானே லாபம்?

வாங்க, இதத்தான் எதிர்பாத்தேன். சதவீதம் கூடதான், ஆனா கரையணுமே. 700 டிகிரிக்கு மேல நல்லா வெந்துட்டா சிலிக்கா படிகமா மாற ஆரம்பிச்சுடும், அப்புறம் அது மணல் மாதிரிதான், வருஷக்கணக்கா கெடக்கும். கம்மி சூட்டுல எரிஞ்ச உமில சிலிக்கா படிகமாகாம இருக்கும், அதுதான் கரையும்.

மில்காரர்: கருப்பா இருந்தா கம்மி சூடுன்னு யாரு சொன்னா? காத்து பத்தலன்னா அதிக சூட்லயும் கரி நிக்கும் சார்.

இது சரிதான், நிறத்த மட்டும் வச்சு தீர்ப்பு சொல்ல முடியாது. எவ்வளவு சூட்டுல எரிச்சீங்கன்னு சொல்லி வித்தா விவசாயிக்கு உதவி, "90 சதவீதம்"னு மூட்டைல எழுதினா போதாது. இன்னொண்ணு, படிகமான சாம்பல் தூசி நுரையீரலுக்கு ஆகாது, அள்றவங்களுக்கு மாஸ்க் குடுங்க, வயல்ல கொட்டறப்ப நனைச்சு கொட்டுங்க.

மில்காரர்: அப்ப எல்லாரும் வைக்கோல மடக்கி உழுதுட்டா எங்க சாம்பல யாரு வாங்குவா, ஹஹா

கணக்கு போட்டுப் பாருங்களேன். ஏக்கருக்கு 2 டன் நெல்லுன்னா 400 கிலோ உமி, அதுல 80 கிலோ சாம்பல், சிலிக்கானா பாத்தா 34 கிலோ பக்கம். அதே வயல் வைக்கோல் 2 டன்ல சிலிக்கான் 5 சதவீதம்னா 100 கிலோ, சாம்பல் சத்துலயும் (பொட்டாஷ்) பெரும்பங்கு அதுலதான் இருக்கு. உங்க சாம்பல் தேவைதான், ஆனா முதல்ல வைக்கோல்.

கேள்வி: வைக்கோல வயல்லயே எரிச்சா அதுவும் சாம்பல்தானே?

சிலிக்கான் தங்கும், தழைச்சத்து புகையா போயிரும். எரிக்காதீங்க.

கேள்வி: புகையானுக்கு சிலிக்கான் போதுமா, மருந்து எது?

புகையான் தண்டுல சாறு உறிஞ்சற பூச்சி, தண்டு கெட்டியானா பயிர் கொஞ்சம் தாங்கும், அது போதாது. மருந்துக்கு உங்க வட்டார வேளாண் அலுவலகத்துல கேளுங்க.

கேள்வி: சார், மூணு சத்தும் இருக்கிற 19:19:19 உரம் கூட சிலிகேட் கலந்து...

மூணாவது தடவ. எதோடயும் கலக்காதீங்கப்பா! தனியா அடிங்க, டேங்க நல்லா கழுவுங்க, மத்த உரத்த வேற நாள் அடிங்க.