ஸ்பானிஷில் ‘வா, போ, சொல்’: வாசகர் கேள்விகள்

கே: நண்பனிடம் ‘பேசு’, ‘தூங்கு’ என்று சொல்ல எந்த வடிவம்?

‘அவன் பேசுகிறான்’ என்பதற்கு வரும் ‘ஆப்லா’தான் ‘பேசு’வும். ‘கோமே’ என்றால் சாப்பிடு, ‘துவெர்மே’ என்றால் தூங்கு. நிகழ்காலம் படித்தவருக்குப் பாதி வேலை முடிந்தது.

கே: விதிவிலக்குகள் நிறைய உண்டா?

எட்டுதான். தி (சொல்), ஆஸ் (செய்), வே (போ), போன் (வை), சால் (வெளியே போ), சே (இரு), தென் (வைத்துக்கொள்), வென் (வா). வீட்டில் நாள் முழுக்கக் காதில் விழுபவை இவைதான், அதனால் சீக்கிரமே பழகிவிடும்.

கே: ‘பேசாதே’ என்பதற்கு ‘நோ ஆப்லா’ என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். ஏன்?

பலரும் தடுமாறும் இடம் இது. ‘நோ’ சேர்த்தால் மட்டும் போதாது, வினையும் மாற வேண்டும். நம் ‘வா’ கூட ‘வராதே’ ஆகும்போது உருமாறத்தானே செய்கிறது! அகராதியில் ‘ஆர்’ என்று முடியும் வினைகள் எகரம் ஏற்கும்: நோ ஆப்லெஸ். ‘ஏர்’, ‘ஈர்’ வினைகள் ஆகாரம் ஏற்கும்: நோ கோமாஸ். அந்த எட்டுக்கும் தனி வடிவங்கள் உண்டு: நோ திகாஸ், நோ வெங்காஸ், நோ வாயாஸ்.

அப்புறம், ‘எனக்கு’, ‘அதை’ போன்ற சொற்களும் இடம் மாறும். ‘அதை என்னிடம் சொல்’ என்றால் வினையின் வாலில் ஒட்டி ‘தீமெலோ’. ‘சொல்லாதே’ என்றால் பிரிந்து முன்னால் வந்து ‘நோ மே லோ திகாஸ்’. ஆகவே ‘தி’யை மட்டும் தனியாகப் படிக்காதீர்கள். ‘தீமெலோ, நோ மே லோ திகாஸ்’ என்று ஜோடியாக, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பாடப்புத்தகங்கள் இரண்டையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கே: கடைக்காரரிடம் இப்படிச் சொன்னால் மரியாதைக் குறைவா?

ஊரைப் பொறுத்தது. ஸ்பெயினில் ‘போன்மே உன் கஃபே’ (எனக்கு ஒரு காபி வை) என்று காபி கேட்பது சகஜம், முகம் சுளிக்க மாட்டார்கள். கொலம்பியாவின் போகோத்தாவில் வீட்டுக்குள்ளேயே ‘உஸ்தேத்’ (நீங்கள்) என்று மரியாதையாகப் பேசுவோர் உண்டு. அங்கே அந்நியரிடம் ‘ஆப்லா’வை விட்டு ‘ஆப்லே’ (பேசுங்கள்) என்பதே நல்லது.

கே: அர்ஜென்டினா தோழி ‘வென்’ என்னாமல் ‘வெனீ’ என்கிறாள். தவறா?

இல்லை, அவர்கள் ஊரில் அதுதான் சரி. ‘நீ’ என்பதற்கு ‘து’வுக்குப் பதில் ‘வோஸ்’ என்பதால் அழுத்தம் கடைசி அசைக்குப் போகும்: ஆப்லா என்பதில் ‘லா’வை அழுத்துவார்கள். சொல் என்பது தெசீ, வை என்பது போனே. ‘போ’வுக்கு மட்டும் வேறு வினையிலிருந்து கடன் வாங்கி ‘அந்தா’ என்பார்கள்.