ஏபிஎஸ் விளக்கு எரியும் பழைய வண்டிகள்: வீல் ஸ்பீட் சென்சார் பற்றிய கேள்வி பதில்

பழைய கார்களின் மின்வேலைகளைச் சத்துவாச்சாரியில் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன் என்பதால், ஏபிஎஸ் விளக்கு அணையாத வண்டிகளைப் பற்றிய ஐயங்களை அனுப்புமாறு அன்பர்களிடம் கேட்டிருந்தேன். திடீரென பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பது ஏபிஎஸ். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று அதற்குச் சொல்வது வீல் ஸ்பீட் சென்சார். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எனப் பழைய வட ஆற்காட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் கேள்விகள் வந்தன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

காட்பாடி அன்பர்: ஐயா, என்னுடையது 2009ஆம் ஆண்டு கார். ஸ்கேனரில் முன்பக்க இடது சக்கர சென்சார் கோளாறு என்று வந்தது. புதிய சென்சார் மாட்டினோம். இரண்டு நாளில் விளக்கு மறுபடி எரிகிறது. வாங்கிய சென்சார் போலியா?

போலியாகவும் இருக்கலாம், ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது அதை அன்று. வண்டியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் காட்டும் எண், எடுத்துக்காட்டாகப் பல வண்டிகளில் இடது முன் சக்கரத்துக்கு வரும் சி0035, அந்தச் சக்கரத்திலிருந்து வர வேண்டிய சமிக்ஞை சரியாக வரவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. சென்சார், அதன் கம்பி, கம்பிகளை இணைக்கும் கப்ளர், சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பிலோ சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டிலோ இருந்து சென்சாருக்கு எதிரே சுழலும் பல் வளையம், வீல் பேரிங், சமிக்ஞையைப் படித்து பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஏபிஎஸ் யூனிட் என்று அந்த வழியில் உள்ள எது கெட்டாலும் அதே எண்தான் வரும். எண்ணைப் பார்த்தவுடன் சென்சாரை வாங்குவதுதான் நம் ஊரில் பணம் வீணாகும் முதல் இடம்.

உங்கள் வண்டியில் இருப்பது, சக்கரம் சுழலும்போது தானே மின்னழுத்தம் உண்டாக்கும், இரண்டு கம்பியுள்ள பழைய சுருள் வகை சென்சார் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். சாவியை அணைத்துவிட்டு, கப்ளரைக் கழற்றி, சென்சார் பக்கத்து இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். பல கார்களில் 800 முதல் 2,500 ஓமுக்குள் ஏதோ ஓர் அளவு வரும். உங்கள் காருக்குரிய சரியான அளவைத் தேடி அலைய வேண்டியதில்லை. அதே ஆக்சிலின் வலது சக்கரத்தில் அளந்தால் போதும், அதுவே உங்களுக்கான அளவுகோல். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் சுருள் நன்றாக இருக்கிறது. அடுத்து ஒவ்வொரு முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே அளக்க வேண்டும். அங்கே எந்த எண்ணும் வரக் கூடாது. வந்தால் கம்பியின் உறை எங்கோ உரிந்து இரும்பைத் தொடுகிறது.

இவ்வளவும் சரியாக இருந்தால், சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மீட்டரை ஏசி வோல்ட் அளவுக்கு மாற்றி, நொடிக்கு ஒரு சுற்று வீதம் கையால் சுழற்றுங்கள். சில நூறு மில்லிவோல்ட் எழுந்து, வேகம் கூடக் கூட அதுவும் கூட வேண்டும். வலது சக்கரம் நன்றாக எழும்ப, இடது சக்கரம் அதில் பாதிகூடத் தராவிட்டால், கோளாறு சென்சாருக்கும் பல் வளையத்துக்கும் இடையில் உள்ள இடைவெளியில்தான் இருக்கும். இரண்டு சக்கரமும் ஒரே அளவு தந்தால் சென்சாரை விட்டுவிட்டு, கப்ளரிலிருந்து ஏபிஎஸ் யூனிட் வரை செல்லும் கம்பியைச் சோதியுங்கள். புதிய சென்சார் மாட்டியும் இரண்டே நாளில் விளக்கு திரும்பியதால், கப்ளர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

ஆற்காடு அன்பர்: நீங்கள் சொல்வது போல் ஓம் அளவில் வைத்தேன். நான்கு சக்கரத்திலும் எதுவும் காட்டவில்லை. நான்குமே ஒரே நேரத்தில் கெடுமா?

கெடாது. உங்கள் வண்டியில் இருப்பது மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் ஆக்டிவ் வகை சென்சார். அதை ஓம் அளவில் சோதிப்பதில் பயன் இல்லை. உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லுக்குத் தீங்கும் நேரலாம் என்பதால் அந்தச் சோதனையை நிறுத்திவிடுங்கள். சாவியைத் திருப்பி, கழற்றிய கப்ளரின் வண்டிப் பக்க முனைகளில் டிசி வோல்ட் அளந்தால், பெரும்பாலும் பேட்டரி வோல்ட்டை ஒட்டிய அளவு இருக்கும். அது இருந்தால் ஆக்டிவ் வகை என்று உறுதி. அது ஒரு சக்கரத்தில் மட்டும் இல்லையென்றால் கம்பி அல்லது யூனிட் பக்கம் கோளாறு.

இவ்வகை சென்சார் வோல்ட்டைக் கூட்டிக் குறைப்பதில்லை. தான் இழுக்கும் மின்னோட்டத்தை ஏறத்தாழ 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் இடையே மாற்றி மாற்றிச் சக்கரம் சுழல்வதைத் தெரிவிக்கிறது. சாதாரண மீட்டரில் அதைப் பார்க்க, கம்பியோடு தொடராக மீட்டரை இணைத்து, சக்கரத்தை மிக மெதுவாக நகர்த்த வேண்டும். அதைவிட எளிது, ஏபிஎஸ் தகவலைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி நேராக 20, 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, நான்கு சக்கர வேகங்களையும் அருகருகே பார்ப்பது. கைப்பேசியோடு இணையும் மலிவான கருவிகள் பல இன்ஜின் கோளாறுகளை மட்டுமே படிக்கும் என்பதை வாங்கும் முன் கவனியுங்கள்.

இன்னொன்று: இத்தகைய பல வண்டிகளில் பல் வளையமே கிடையாது. வீல் பேரிங்கின் ஒரு பக்க சீலில் காந்தத் துண்டுகள் பதிந்திருக்கும். பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் காந்தப் பக்கம் வெளியே போய்விடும். சக்கரம் சத்தமில்லாமல் சுழலும், சமிக்ஞை மட்டும் வராது. பேரிங் மாற்றிய அன்றே விளக்கு எரியத் தொடங்கியதென்றால், வேறு எதையும் தொடாமல் அதை முதலில் பாருங்கள்.

ஆரணி அன்பர்: எங்கள் அரிசி ஆலை வளாகத்தில் நிறுத்தியிருந்த காரில் எலி சென்சார் கம்பியைக் கடித்துவிட்டது. ஒட்டுப் போட்டால் போதுமா?

கடிபட்ட இடம் எது என்பதைப் பொறுத்தது. வண்டியின் உடலோடு கட்டப்பட்டு அசையாமல் இருக்கும் பகுதியென்றால், இரண்டு கம்பிகளின் ஒட்டும் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாக வைத்து, ஈயப் பற்று வைத்து, சுருங்கும் குழாயால் மூடலாம். முறுக்கியிருந்த கம்பிகளை மறுபடி முறுக்கியே விடுங்கள். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஏறாமல் காப்பது அந்த முறுக்குதான். சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் பகுதியில் கடித்திருந்தால் ஒட்டு நிற்காது. ஸ்டீயரிங் திரும்பும்போதெல்லாம் பற்று வைத்த இடத்தின் ஓரத்தில் கம்பி மடிந்து ஒடியும். அங்கே கம்பியோடு சேர்ந்த புது சென்சாரே நல்லது. வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு முதல் மழை வரைதான்.

ஜோலார்பேட்டை அன்பர்: விளக்கு எரிவதே இல்லை. ஆனால் ஏலகிரியிலிருந்து இறங்கி வந்து, சமதரையில் வண்டி நிற்கப் போகும் நேரத்தில் பிரேக் மிதி காலின் கீழ் கரகரவென்று அதிர்கிறது. சாலை காய்ந்துதான் இருக்கிறது. டிஸ்க் கோணலா?

டிஸ்க் கோணலாக இருந்தால் அதிக வேகத்தில் பிரேக் பிடிக்கும்போதே தெரிந்திருக்கும். நிற்பதற்குச் சற்று முன் மட்டும் கரகரப்பு வருவது, சக்கரம் வழுக்குகிறது என்று ஏபிஎஸ் தவறாக எண்ணி வேலை செய்வதன் அடையாளம். கரகரப்பு வரும் அந்த நேரத்தில் பானெட் பக்கம் மோட்டார் ஓடும் சத்தமும் கேட்டால் ஐயமே வேண்டாம்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். சுருள் வகை சென்சார் தரும் மின்னழுத்தம் வேகத்தோடு சேர்ந்து இறங்குவது. 48 பல் உள்ள வளையமும் 1.8 மீட்டர் சுற்றளவுள்ள டயரும் என்று கொண்டால், 36 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 265 துடிப்புகள் வலுவாக வரும். 10 கிலோமீட்டரில் எழுபத்துச் சொச்சம் துடிப்புகள், அவையும் வலுக்குறைந்து வரும். இடைவெளி கூடிப்போன சக்கரத்தின் துடிப்பு மற்ற மூன்றுக்கும் முன்பாகவே யூனிட்டுக்குத் தெரியாமல் போகிறது. மூன்று சக்கரம் உருள ஒன்று நின்றுவிட்டதாகக் கருதி, அந்தச் சக்கரத்தின் பிரேக்கை யூனிட் விட்டு விட்டுப் பிடிக்கிறது. துடிப்பு அடியோடு நிற்காததால் கோளாறு எண் பதிவாவதில்லை, விளக்கும் எரிவதில்லை.

இடைவெளி கூடுவதற்கு நான் அடிக்கடி காணும் காரணம் துருதான். சென்சார் உட்காரும் குழியில் படலம் படலமாகத் துரு ஏறி, சென்சாரை மேலே தூக்கிவிடுகிறது. இடைவெளியே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியதுதான் என்பதால், அரை மில்லிமீட்டர் துரு ஏறினாலே காரியம் கெட்டுவிடும். இரண்டாவது காரணம் பல் வளையத்தில் விரிசல். டிரைவ் ஷாஃப்டின் வெளி மூட்டில் இறுக்கி ஏற்றிய வளையத்தின் அடியில் துரு உப்பும்போது, வளையம் இரண்டு பற்களுக்கு நடுவே தலைமுடி கனத்தில் பிளக்கிறது. டார்ச் அடித்து, சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்தால்தான் கண்ணில் படும். மண் அடைந்திருந்தால் பிரஷ்ஷால் துடைத்துவிட்டுப் பாருங்கள். விரிசல் இருந்தால் பசை போட்டு ஒட்ட முயல வேண்டாம், வளையத்தை மாற்றுங்கள்.

சென்சாரைக் கழற்றும்போது அவசரம் கூடாது. போல்ட்டை எடுத்த பிறகும் அது அசையாது. துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டினால் பிளாஸ்டிக் தலை கையோடு வந்து, தண்டு குழிக்குள் தங்கிவிடும். எடுத்ததும் முனையில் ஒட்டியிருக்கும் இரும்புத்தூளைத் துணியால் வழித்துவிட்டு, குழியையும் அது உட்காரும் முகத்தையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி மாட்டுங்கள். உங்கள் வண்டிக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம்.

ராணிப்பேட்டை தம்பி: அண்ணா, என் பைக்கை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, கியரில் ஓடவிட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டேன். அதிலிருந்து ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை.

பின் சக்கரம் சுழல, முன் சக்கரம் நின்றதால் யூனிட் குழம்பியிருக்கிறது. சாவியை அணைத்துப் போட்டுச் சிறிது தூரம் ஓட்டுங்கள், அணைந்துவிடும். வண்டி நகர்ந்த பிறகே விளக்கு அணைவது பைக்கில் இயல்பு. அப்படியும் எரிந்தால், அண்மையில் பஞ்சர் போட்டீர்களா என்று யோசியுங்கள். டயரைக் கழற்றும்போது டிஸ்க்கின் உள்ளே இருக்கும் துளையிட்ட வளையம் வளைந்துவிடுவது உண்டு. செயினுக்கு எண்ணெய் விடும்போது இன்ஜினை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள், தம்பி. ஓடும் செயின் விரலை விடாது.

குடியாத்தம் அன்பர்: விளக்கு எரிந்தபடியே ஓட்டலாமா? ஃப்யூஸைப் பிடுங்கிவிடச் சொல்கிறார்கள்.

மஞ்சள் நிற ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் இருக்கும். திடீரென அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும் என்பதை நினைவில் வைத்து ஓட்டலாம். பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் மழை நேரத்தில் லாரிக்குப் பின்னால் நெருங்கிப் போகாதீர்கள். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டக் கூடாது. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், முன்பின் சக்கரங்களுக்கு பிரேக் விசையைப் பங்கிடும் அமைப்பும் நின்றிருக்கலாம். ஃப்யூஸைப் பிடுங்குவதால் எதுவும் சரியாகாது.

திருவண்ணாமலை அன்பர்: பழைய கார் வாங்கப் போகிறேன். விளக்கே எரியாத வண்டி நல்ல வண்டிதானே?

சாவியைத் திருப்பியவுடன் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாவிட்டால், ஒன்று அந்த வண்டியில் ஏபிஎஸ் இல்லை, அல்லது விளக்கை யாரோ துண்டித்திருக்கிறார்கள். நம் நாட்டில் எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய கார்களில் குறைந்த விலை வகைகள் பலவற்றில் அது கிடையாது. பானெட்டைத் திறந்து, பிரேக் குழாய்கள் ஒன்றுகூடும் அலுமினிய யூனிட் இருக்கிறதா என்று பாருங்கள். யூனிட் இருந்தும் விளக்கு எரியாத வண்டியென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டாலும் நட்டமில்லை.

வாணியம்பாடி அன்பர்: காலையில் எரியாது. நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகுதான் எரிகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் அணைந்துவிடுகிறது.

சூட்டில் விரிந்து பிரியும் சுருளாக இருக்க வாய்ப்பு மிகுதி. செம்புக் கம்பியின் தடை சூட்டில் ஏறுவது இயற்கை. 30 டிகிரியில் 1,100 ஓம் காட்டும் சுருள் 80 டிகிரியில் ஏறத்தாழ 1,300 காட்டினால் அது கோளாறு அன்று. திடீரென எண்ணே மறைந்துவிட்டால்தான் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. எனவே ஆறிய பிறகு அளந்து பயனில்லை. விளக்கு எரியும் போதே நிழலில் நிறுத்தி, கப்ளரைக் கழற்றி அளவிடுங்கள். அது முடியாவிட்டால், முடி உலர்த்தும் கருவியால் சென்சார் தலையைச் சில நிமிடம் சூடேற்றிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். அப்போதும் எண் நிலையாக இருந்தால், ஸ்டீயரிங்கை இரண்டு ஓரத்துக்கும் திருப்பச் சொல்லி, கம்பியைக் கையால் நெடுக அசைத்தபடி மறுபடி அளவிட வேண்டும்.